இரு கரையும் தடைசெய்த பகிடிக்காரி

சீதேவிப்பிள்ளையின் கலைவாழ்வு ஒரு பாய்க்காகத் தொடங்கியது.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டபோது கரடியனாற்றுச் சனம் கைக்கு அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து, மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. வகுப்பறைக்குள் சேலையைக் குறுக்கே கட்டிக் குடும்பத்துக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டார்கள். கரும்பலகைக்குக் கீழே சீதேவிப்பிள்ளையும் அவள் கணவன் வல்லிபுரமும். சேலைக்கு அந்தப் பக்கம் புஸ்பம்.

இவர்களுக்குப் பாய் கொடுக்கவென்று கொழும்பிலிருந்து ஓர் ஐயாவும் ஓர் அம்மாவும் வேனில் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் சனம் கூட, பாய் குறைவு. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்பதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் என்ன நடந்தது என்று கேட்பார்கள். சொல்லும்போது அழுதவர்களுக்குப் பாய். அழாதவர்களுக்கு, "அடுத்த முறை பார்க்கலாம்."

சீதேவிப்பிள்ளையின் முறை வந்தது. அவள் நேராகச் சொன்னாள். "வீடு எரிஞ்சு போயிற்று. தம்பி பூபாலப்பிள்ளைய ஆமி ஏத்திற்றுப் போயிற்றான். படுக்கப் பாய் இல்ல."

அம்மா அவள் கண்ணைப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

சீதேவிப்பிள்ளை போய் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் திரும்பவும் நின்றாள். இம்முறை அவள் புஸ்பமாக மாறியிருந்தாள். புஸ்பம் அழுவதில் கெட்டிக்காரி. அவளுடைய அழுகை எப்போதும் பசுவில் தொடங்கும். "என்ட வெள்ளச்சியே, ஒன்ன அவுத்துவிட மறந்தனே" என்று மெல்ல எழுந்து, வீடு, வளவு, பலாமரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேறி, உச்சியில் மூக்கை உறிஞ்சி, சட்டென்று நின்று, யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் நோட்டம் விட்டு, மீண்டும் பசுவுக்குத் திரும்பும். சீதேவிப்பிள்ளை அந்த உறிஞ்சலையும் ஓரக்கண்ணையும்கூட விடவில்லை. கொழும்பு அம்மா தானும் அழுது ஒரு பாயைக் கொடுத்தார்.

பின்னால் நின்ற சனத்துக்கு அடக்க முடியவில்லை. முதலில் வெடித்துச் சிரித்தவள் புஸ்பம்தான். ஊரைவிட்டு வந்த பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஐயாவுக்கு விசயம் விளங்கிப் பாயைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சீதேவிப்பிள்ளை அன்றும் சீமெந்துத் தரையில்தான் படுத்தாள்.

வல்லிபுரம் முகட்டைப் பார்த்தபடி சொன்னார். "ஊர் எரிஞ்சு கிடக்கு. ஒனக்குப் பகிடி."

"அழுதாப் பாய். சிரிச்சாத் தரை. எனக்குத் தரை போதும்."

அவளுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. பிள்ளை இல்லை. கரடியனாற்றில் வேளாண்மைக் காலத்தில் வயலும், மற்றக் காலத்தில் காடு வெட்டிய சேனையில் கச்சான்கடலையும் சோளமுமாக இருந்த குடும்பம். வல்லிபுரம் ஊரில் உழைப்பாளி. மண்வெட்டி பிடித்த கைக்கு அகதிமுகாமில் வேலை இல்லாமற்போகவே மனிதர் படுத்தார். படுத்தவர் எழும்பவில்லை. சாப்பாட்டு மணிக்கும் கணக்கெடுப்புக்கும் மட்டும் எழுந்து உட்காருவார். தம்பி பூபாலப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஆட்டம் போடுகிறாள் என்று முகாமில் சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களே பின்னேரமானால், "சீதேவியக்கா, அந்தச் சவுக்கார மந்திரியக் காட்டுங்ககா" என்று வந்து குந்துவார்கள்.

சவுக்கார மந்திரி என்பது ஒரு பிரதி அமைச்சர். முகாமுக்கு வந்து குடும்பத்துக்குக் குளிக்க ஒரு சவுக்காரக் கட்டி வீதம் கொடுத்தார். படம் பிடிப்பவர் சரியாக விழவில்லை என்று சொன்னால், கொடுத்ததைப் பறித்துத் திரும்பக் கொடுத்தார். சீதேவிப்பிள்ளை இதைக் காட்டும்போது, ஒரே சவுக்காரம் கொடுத்தும் பறித்தும் கொடுத்தும் பறித்தும் கடைசியில் வழுக்கி அமைச்சரின் வேட்டிக்குள் போய்விடும். அதை எடுக்கப் பாதுகாப்புக்காரர் இருவர் படும் பாட்டை அவள் ஒருத்தியே மூன்று பேராக நின்று நடித்துக் காட்டுவாள்.

பேர் பரவியது. பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவில், கூத்து தொடங்கும் முன்னர் சனத்தை இருத்திவைக்க அவளைக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை மேடையில் தனியே நின்று பகிடி விடுவதா என்று கோயில் நிருவாகசபை ஒரு கூட்டம் போட்டு வாதாடியது. அதையும் அடுத்த திருவிழாவில் அவள் காட்டினாள். பிறகு கல்யாண வீடு, பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீடு, புதுமனை என்று அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் தனியே போய்வரக்கூடாது என்பதற்காக வல்லிபுரம் எழுந்து கூடவே போகவேண்டியதாயிற்று. மேடைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பார். சிரிக்கமாட்டார். அவளுடைய பகிடிகளில் பாதி அவரைப்பற்றியவை.

சொந்தக்காரர் பழுகாமத்தில் இருந்ததால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயும் அழைப்பு வந்தது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை ஆமியின் கையில். மேற்கே படுவான்கரை ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கத்தின் கையில். நடுவே தண்ணீர். சீதேவிப்பிள்ளை தொழிலுக்கு ஒரு சட்டம் வகுத்துக்கொண்டாள். எழுவான்கரையில் ஆமியைத் தொடுவதில்லை. படுவான்கரையில் இயக்கத்தைத் தொடுவதில்லை. அங்கே போய் இவர்களைப் பற்றிச் சொல்வது, இங்கே வந்து அவர்களைப் பற்றிச் சொல்வது. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

பழுகாமத்தில் அவள் காட்டுவது காவலரண் கதை. ஒரு வயோதிபர் வாவியைக் கடக்கும் துறைக்கு வருகிறார். அங்கே ஐ.சி என்ற அடையாள அட்டை பார்க்கும் ஆமிக்காரனுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்.

"எங்க போற?"

"ஆசுபத்திரிக்கு, மாத்தயா."

"ஏன் போற?"

"சுகமில்ல."

"எப்ப வாற?"

"சுகமானா நாளைக்கு வருவன். இல்லாட்டி நாலு பேர் தூக்கிற்று வருவாங்க."

ஆமிக்காரன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்கிறான். "அந்த நாலு பேருக்கும் ஐ.சி இரிக்கா?"

எழுவான்கரையில் அவள் காட்டுவது ஆள்சேர்ப்புக் கதை. இயக்கப் பொடியன் வாசலுக்கு வருகிறான். வீட்டுக்கொரு ஆள் தரவேண்டும் என்கிறான். வீட்டுக்காரி ஓடிப்போய்ப் படுத்திருக்கும் புருஷனின் காலைப் பிடித்து வாசல்வரை இழுத்துவருகிறாள். "இந்தா மகன், எடுத்துக்கொண்டு போ." பொடியன் குனிந்து பார்க்கிறான். பிறகு சொல்கிறான். "அம்மா, நாங்க போராடத்தான் ஆள் கேட்டம். ஒங்கட பாரத்தக் குறைக்க வரல்ல." சனம் சிரித்துக்கொண்டே வல்லிபுரத்தைத் திரும்பிப் பார்க்கும். பதினைந்து பதினாறு வயதில் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார் மட்டும் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது.

இந்த நல்ல ஏற்பாட்டைக் கெடுத்தவர் ஏறாவூர்ப் பதியுதீன். சந்தைக்குப் பக்கத்தில் கசெற் கடை வைத்திருந்தவர். விழாக்களுக்கு ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் ஊருக்குள் புகுந்து செய்த கொலையில் தன் தம்பியை இழந்தவர். அதன் பிறகு தமிழ் ஊருக்குள் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டும், அவருக்குப் பிழைப்பு வேண்டும், வந்தார். சீதேவிப்பிள்ளையின் ஆள்சேர்ப்புக் கதையை மேடைக்குக் கீழே இருந்து பதிந்துகொண்டார். வீட்டில் போட்டபோது, மகன் போனதிலிருந்து யாரோடும் கதைக்காதிருந்த அவருடைய உம்மா, ஆடாமல் அசையாமல் கேட்டுவிட்டு, "இன்னொருக்காப் போடு" என்றாராம்.

அதற்குள், பழுகாமத்துக் கல்யாண வீட்டில் யாரோ பதிந்த காவலரண் கதை ஒரு தயிர்ச் சட்டிக்குள் ஒளிந்து துறையைக் கடந்து அவருடைய கடைக்கு வந்துசேர்ந்தது. பதியுதீன் இரண்டையும் ஒரே கசெற்றில் ஏற்றினார். முதற் பக்கத்தில் ஆமி, மறுபக்கத்தில் இயக்கம். அட்டையில் 'சிரிப்புச் சீதேவி' என்று போட்டு, யாரோ சினிமா நடிகையின் படத்தையும் ஒட்டினார். ஒரு மாதத்துக்குள் அது வாழைச்சேனையிலிருந்து கல்முனைவரை எல்லாத் தேநீர்க்கடைகளிலும் ஓடியது.

செய்தி கேட்டுச் சீதேவிப்பிள்ளை ஏறாவூருக்கு ஓடினாள்.

"பதியுதீன் நானா, என்ன வேலை செஞ்சிரிக்கிறீங்க? ரெண்டையும் ஒண்டாக்கினா என்ட கழுத்துத்தான் ரெண்டாகும்."

"தங்கச்சி, ஒரு பக்கத்த வெறுமையா விட்டு வித்தாச் சனம் ஏசும். இது யாவாரம்."

"ஒரு பக்கத்தில சினிமாப் பாட்டப் போட்டிரிக்கலாமே."

பதியுதீன் கொஞ்சம் யோசித்தார். "அது எனக்குத் தோணல்ல" என்றார்.

முதலில் கூப்பிட்டது ஆமி. கைவிடப்பட்ட நெல்லாலை ஒன்றில் முகாம். வல்லிபுரத்தை வாசலில் இருத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே கூட்டிப்போனார்கள். கப்டன் ஒரு கதிரையில். சுற்றிவர ஆமிக்காரர்கள் நெல்மூட்டை போல அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க நல்லரத்தினம் என்றொரு தபால் கந்தோர் எழுதுவினைஞரை வைத்திருந்தார்கள். பதுளையில் வேலை செய்ததால் சிங்களம் தெரிந்த குற்றத்துக்காகப் பிடித்துவரப்பட்டவர். மெலிந்த மனிதர். பயத்தில் இன்னும் மெலிந்திருந்தார்.

கசெற்றில் சொன்னதை இங்கே சொல்லட்டும் என்றார் கப்டன். நல்லரத்தினம் அதைத் தமிழாக்கிவிட்டு, குரலை இறக்கி, "பிள்ள, வேற ஏதும் சாமிக் கத இருந்தாச் சொல்லு" என்றார்.

வேறு வழியில்லை. சீதேவிப்பிள்ளை வயோதிபரைத் துறைக்குக் கூட்டிவந்தாள். எங்க போற, ஏன் போற. நல்லரத்தினம் வியர்வையைத் துடைத்தபடி அதைச் சிங்களத்தில், "படையினர் பொதுமக்களின் சுகநலத்தை மிகவும் அக்கறையோடு விசாரிப்பதாக இந்தப் பெண் கூறுகிறாள்" என்று மாற்றினார். ஆமிக்காரர்கள் அசையவில்லை. நாலு பேர் தூக்கிவருவார்கள் என்ற இடத்துக்கு வந்தாள். நல்லரத்தினம், "சுகம் கிடைத்தபின் நன்றி கூற நால்வர் வருவார்கள்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சீதேவிப்பிள்ளைக்கு உயிர்ப்பயத்தைவிட அந்த அமைதி பெரிய வேதனையாக இருந்தது. மேடை ஏறியபின் இப்படியொரு நாளை அவள் கண்டதில்லை.

"அந்த நாலு பேருக்கும் ஐ.சி இரிக்கா?"

நல்லரத்தினம் வாயைத் திறக்கும் முன்னரே கப்டன் வெடித்துச் சிரித்தார். கதிரையின் கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அப்போதுதான் அங்கிருந்த எல்லோருக்கும் ஓர் உண்மை விளங்கியது. கப்டனுக்குத் தமிழ் தெரியும். நெடுநாளாகத் தெரியும். நல்லரத்தினம் அவருக்கு முன்னால் நின்று அவரைப்பற்றித் தமிழில் முணுமுணுத்த அத்தனையும் அவருக்கு விளங்கியிருக்கிறது. நல்லரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிலத்தில் அமர்ந்தார்.

கப்டன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நல்ல தமிழில் சொன்னார். "நல்லா இருக்கு. இனிமேல் சொல்லக் கூடாது. எங்கேயும்."

"சரி, ஐயா."

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

அவர் கேட்டது சும்மா ஒரு மரியாதைக்கு. சீதேவிப்பிள்ளைக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னாள். "என்ட தம்பி. பேர் பூபாலப்பிள்ளை. தொண்ணூறில ஒங்கட ஆக்கள் லொறியில ஏத்தினது. இன்னும் வரல்ல."

கப்டன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அது எனக்கு முன்னால் இருந்தவர்கள்."

"ஓம், ஐயா. எல்லாரும் அப்படித்தான் சொல்ற."

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவளைப் போகவிட்டார்கள்.

இயக்கம் கூப்பிட்டது அடுத்த வாரம். கூப்பிட்டது அவளை மட்டுமல்ல, வல்லிபுரத்தையும். படுவான்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் அந்தப் பகுதிப் பொறுப்பாளர் இருந்தார். கண்ணாடி போட்ட இளைஞர். மேசையில் ஒரு ரேடியோவும் அந்தக் கசெற்றும். அவர் அதை முழுதாகக் கேட்டிருந்தார். சிரித்ததற்கான அடையாளம் எதுவும் முகத்தில் இல்லை.

"அக்கா, முதற் பக்கம் பரவாயில்லை. மறுபக்கத்தில பிழையான தகவல் இரிக்கு."

"என்ன பிழை, தம்பி?"

"புருஷனக் கொண்டுவந்தா நாங்க வேண்டாமெண்டு சொல்றதாச் சொல்றீங்க. அப்பிடியில்ல. நாங்க வயசு போன ஆக்களையும் எடுப்பம்." கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வல்லிபுரத்தைப் பார்த்தார். "பங்கர் வெட்ட."

வல்லிபுரத்தை அன்றைக்கே கூட்டிப்போனார்கள். தன் வாயால் கட்டின புருஷனைக் கொன்றுவிட்டாள் என்று புஸ்பம் பசுவைக்கூட மறந்து அழுதாள். ஆனால் ஒரு போகம் கழித்து வந்த வல்லிபுரத்தைப் பார்க்க முகாமே கூடிவிட்டது. மனிதர் தோளும் மார்புமாக, வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்து வந்திருந்தார். அத்தனை காலத்துக்குப் பிறகு கையில் ஒரு மண்வெட்டி. "நல்ல மண் புள்ள" என்றார் அவர். "நாலடிக்குக் கீழ ஈரம். பங்கர் வெட்டிற மண்ணில்ல அது. மரவள்ளி போட்டிரிக்கோணும்." அதன் பிறகு அவர் பகலில் படுக்கவில்லை.

சீதேவிப்பிள்ளைக்குக் கிடைத்த தண்டனை வேறு. பொறுப்பற்ற பகிடிகளை விட்டுப் பொறுப்பான பகிடிகளைச் சொல்லவேண்டும். பொறுப்பாளர் தாமே ஒன்றை எழுதிக்கொடுத்தார்.

எதிரி ஒருவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான். ஏன் விழுந்தான்? அவனிடம் இலட்சியம் இல்லை.

"இதுதானா, தம்பி?"

"ஓம். முதல்ல சிரிப்பு. மறுகா சிந்தனை."

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சனத்தைத் திரட்டி மேடை போட்டார்கள். சீதேவிப்பிள்ளை உண்மையிலேயே ஒழுங்காகச் சொல்லத்தான் நினைத்தாள். அவள் அதைப் பின்பு எத்தனையோ பேரிடம் சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். ஆனால் யாரிடம் ஒன்றைக் கேட்டாளோ அவராக மாறாமல் அவளுக்கு எதையும் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்ததும் கை தானாகவே போய் இல்லாத கண்ணாடியைத் தள்ளிவிட்டது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. "அவனிடம்" என்று சொல்லி நிறுத்தி, சனத்தை ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்து, "இலட்சியம் இல்லை" என்று முடித்தாள். மைதானம் குலுங்கியது. பின்வரிசையில் நின்ற இயக்கப் பிள்ளைகள் தோளில் மாட்டிய துவக்கைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பொறுப்பாளருக்கு முதலில் பெருமை. தன் பகிடிக்கு இவ்வளவு சிரிப்பா என்று கண்ணாடியைத் தள்ளிவிட்டார். அதைப் பார்த்துச் சனம் இன்னும் சிரித்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

படுவான்கரையிலும் தடை.

கடையிலிருந்த கசெற்றுகளை ஆமி அள்ளிக்கொண்டு போய்விட்டதாகப் பதியுதீனும் செய்தி அனுப்பினார். திருப்பிக் கேட்டுப் போனாராம். இன்னும் கேட்டு முடிக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

இரண்டு கரையிலும் வாயைத் திறக்கமுடியாத பகிடிக்காரி இனி என்ன செய்வாள்? சில மாதம் சும்மாதான் இருந்தாள். தையல் பழகினாள், சரிவரவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் முகாம் பெண்களுக்கு மனஅழுத்தம் போக்க வகுப்பு நடத்தியது. அதில் எல்லோரும் வட்டமாக நின்று காரணமில்லாமல் 'ஹா ஹா' என்று சிரிக்கவேண்டும். அந்த வகுப்பில் சீதேவிப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியவில்லை என்று சொல்லித் தனியே பயிற்சி கொடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் பழுகாமத்துச் செத்தவீடொன்றுக்குத் துறையில் பாதை ஏறினாள். பாதை என்று சொல்வது சனத்தையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. இந்தக் கரைக்காவலைக் கழித்து அந்தக் கரைக்காவலை அடைய நல்ல நேரம் எடுக்கும். நடுவாவிக்கு வந்ததும், மீன்கூடையோடு இருந்த ஒருவர் தொடங்கினார்.

"சீதேவியக்கா, ஒண்டு எடுத்துவிடுங்களன்."

"ரெண்டு பக்கமும் தடை, அண்ணன்."

"கரைக்குத்தானே தடை. தண்ணிக்கு ஆர் தடை போட்ட?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். வாவி வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. கிழக்கே காவலரண் ஒரு தீப்பெட்டி அளவு. மேற்கே மற்றது அதே அளவு. எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

அன்றிலிருந்து பாதை அவளுடைய மேடை ஆயிற்று. புறப்பட்டுச் சத்தம் கரைக்குக் கேட்காத தூரம் வந்ததும் தொடங்குவாள். அடுத்த கரைக்குச் சத்தம் கேட்கும் தூரத்துக்கு முன்னால் முடிப்பாள். காற்றையும் பார்க்கவேண்டும். வாடைக்காற்றில் சத்தம் ஒரு பக்கம் போகும், கச்சான் என்னும் மேல்காற்றில் மறுபக்கம் போகும். மேற்கு நோக்கிக் காற்று வீசினால் ஆமிக் கதை, கிழக்கு நோக்கி வீசினால் இயக்கக் கதை. காற்று விழுந்த நாளில் வல்லிபுரத்தின் கதை. பாதை ஓட்டுபவர் இயந்திரத்தை மெல்ல ஓட்டுவார். அக்கரையில் எந்தச் சோலியும் இல்லாதவர்கள் அவளோடு ஏறி அவளோடு திரும்பினார்கள்.

ஆமிக்குச் சந்தேகம் வந்தது. சோதனைச்சாவடிக்கு வரும் சனம் வழமையாகச் செத்த முகத்தோடுதான் வரும். இப்போது முகம் மலர்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கியது. ஏதோ கடத்துகிறார்கள் என்று கூடைகளைக் கொட்டிக் கிளறினார்கள். அரிசிமூட்டைக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஓர் அறிவித்தல்: பாதையிலிருந்து இறங்குவோர் சிரித்துக்கொண்டு இறங்கக்கூடாது. அடுத்த பயணத்தில் அவள் அந்த அறிவித்தலை வாசித்துக் காட்டினாள். இறங்கும்போது சனம் முகத்தை நீட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் வரிசையில் நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

பல ஆண்டு கழித்துச் சமாதான ஒப்பந்தம் வந்ததும் எல்லாம் தலைகீழானது. நேற்றுவரை தடைசெய்தவர்கள் இன்று அவளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். நகர மண்டபத்தில் கலைவிழா. 'சமாதானத்தின் சிரிப்பு' என்று பதாகை. முன்வரிசையில் பெரிய ஆமி அதிகாரி, இயக்கத்தின் அரசியல் பெரியவர், அரசாங்க அதிகாரிகள், தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரப் பெண்மணி. அம்மா எங்களைப்பற்றித் தாராளமாகச் சொல்லலாம், நாங்கள் எப்போதும் உங்கள் இரசிகர்கள் என்று இரு பக்கமும் சொல்லியனுப்பின.

அனுமதி கிடைத்ததும் அவளுக்குப் பகிடி எல்லாம் புளித்துப்போயிற்று. ஐ.சி கதையைச் சொல்ல நா வரவில்லை. மேடையில் நின்று முன்வரிசையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர்களுடைய சிரிப்பைக் காட்டத் தொடங்கினாள். அதிகாரி சிரித்தால் வயிறு முதலில் சிரிக்கும், முகத்துக்குப் பிறகுதான் உத்தரவு வரும். வெள்ளைக்காரப் பெண்மணி மொழிபெயர்ப்பு வந்தபின் தனியாகச் சிரிப்பார். அரசாங்க அதிகாரிகள் பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அரசியல் பெரியவர் சிரிக்கவேயில்லை. ஆகவே அவருக்காக அவள் அசையாமல், இமையாமல், கைகளை முழங்காலில் வைத்தபடி நின்றாள். பின்னால் இருந்த சனம் கதிரையிலிருந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையும் சிரித்தது, அவள் காட்டியபடியே. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் போர்த்தியவர் யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று வீட்டுக்குப் போய்த்தான் யோசித்திருப்பார்.

வெள்ளைக்காரப் பெண்மணி அவளைவிட்டு நகரவில்லை. ஐரோப்பாவில் அகதிக் கலைஞர்களுக்கு ஒரு விழா நடக்கிறது, அவசியம் வரவேண்டும் என்றார். சீதேவிப்பிள்ளையும் வல்லிபுரமும் அப்போது கரடியனாற்றுக்குத் திரும்பி, எரிந்த வீட்டுக்கு ஓலை போட்டு, வயலையும் விதைத்திருந்தார்கள். இனி நான் அகதியில்லையே என்று அவள் கேட்டாள். அது பரவாயில்லை என்றார் பெண்மணி. பதினைந்து நாளைக்குத்தானே, பனி எப்படியிருக்கும் என்று பார்த்துவரலாம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

விசா கேட்டுப் போன கொழும்புத் தூதரகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில்.

"உங்கள் தொழில்?"

"பகிடி."

"அதற்கு அத்தாட்சி?"

சீதேவிப்பிள்ளை கசெற்றை நீட்டினாள். அதை ஏற்க முடியாது என்றார்கள். அப்படியானால் காட்டுகிறேன் என்று எழுந்து நின்று நாலைந்து பேராக மாறிக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் ஏதோ தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். மத்தியானம் பதில் வந்தது. விண்ணப்பகாரர் தம் நாட்டுக்குத் திரும்பி வருவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை.

கூட வந்த வல்லிபுரம் அதை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு இரண்டு தரம் கேட்டார். "திரும்பி வராம?" என்றார். "வேளாண்மை குடலையில, கதிர் தள்ளுற நேரத்தில நிக்கிது. இவள் வராம ஆர் பாக்கிற?"

மொழிபெயர்ப்பாளர் அதை உள்ளே சொல்லவில்லை.

பின்னேர பஸ்ஸில் திரும்பினார்கள். சில வாரத்தில் அறுவடை தொடங்கியது. வெட்டுக்காரர் மத்தியானச் சோற்றுக்கு வரம்பில் ஏறியதும், கொழும்பில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். சீதேவிப்பிள்ளை சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். வெட்டிவைத்த நெற்கதிர் உப்பட்டியொன்றை முகத்துக்கு நேரே கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் நின்று, ஒரு விரலால் தட்டச்சுத் தட்டிக்கொண்டு கேட்டாள். "பகிடிக்கு அத்தாட்சி இரிக்கா?"

வெட்டுக்காரர் சோற்றை மறந்தார்கள். பக்கத்து வயல்காரரும் வந்து குவிந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியும் யாரும் வயலில் இறங்கவில்லை. அந்த வயல்வெளி வட்டை முழுதுக்கும் பொறுப்பான வட்டைவிதானையார் தூரத்திலிருந்து இதைக் கண்டு, குடையை வீசிக்கொண்டு வரம்பால் விறுவிறென்று வந்தார்.

"மழ இருட்டுது. வேளாண்மை பாழாகப் போகுது. என்ன கூத்து இஞ்ச?"

எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு எழும்பினார்கள். விதானையார் குடையைச் சுருக்கி வரம்பில் குத்தினார்.

"பொறுங்கடா" என்றார். "எனக்கு முன்னுக்குள்ளது கேக்கல்ல. புள்ள, நீ கொழும்பில இறங்கின இடத்தில இருந்து சொல்லு."